கையை விட்டாலும் இறங்காத ஓட்டம்: பழைய கார்புரேட்டரோடு நாலு வருஷம்

"டேய், உன்னோடது மாதிரியே ஒரு பைக் விலைக்கு வருது. கார்புரேட்டர் ரொம்பப் படுத்துமா?" என்று நண்பன் கேட்டு மூன்று நாளாகிறது. அவன் கேட்ட நேரத்தில் கையெல்லாம் பெட்ரோல், தரையில் உருண்டு ஓடிய ஒரு சின்ன வாஷரைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நிதானமாகச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

இன்ஜினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டர். ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், த்ராட்டிலைத் திருகினால் மேலே ஏறிக் காற்று வழியைத் திறக்கும் உருளை ஸ்லைடு, மெது ஓட்டத்தில் சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் ஏர் ஸ்க்ரூ. இதெல்லாம் அவனுக்கே தெரியும். பிக்கப், மைலேஜ் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. என் உயிரை எடுத்தது ஒன்றே ஒன்றுதான், ஐட்லிங், அதாவது த்ராட்டிலைத் தொடாதபோது இன்ஜின் தானாக மெதுவாக ஓடுவது.

சூடு ஏறும்வரை வண்டி பரம சாது. சோக்கைத் தூக்கி ஒரு உதை, அவ்வளவுதான். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்தினால் சுயரூபம் தெரியும். த்ராட்டிலை முழுக்க விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். பக்கத்து வண்டிக்காரர் நான் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். சரி என்று அந்த மெது ஓட்டத்தின் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தால், அடுத்த நிறுத்தத்தில் பொசுக்கென்று அணைந்துவிடும்.

இப்படி ஓட்டம் தொங்கினால் கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். வண்டி பிடித்தவர் எல்லோருக்கும் தெரிந்த பாடம். மெது ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்தான் அடைத்திருக்கும் என்று முடிவு கட்டிப் பிரித்தேன். பெட்ரோல் தேங்கும் கப்பில் வெள்ளைத் தூள், பித்தளையில் பச்சை. எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் அப்படியே விட்டதற்கான கூலி. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதுவும் ஒரு கிணற்றுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். காடிக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தலையைச் சிதைத்தால் அப்புறம் கும்பிட்டாலும் வராது. கம்பி விட்டுக் குத்தக் கூடாது, நைலான் இழை போதும். ஸ்ப்ரே அடித்தால் ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் பொடித் துளைகள் வழியாகவும் பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். வந்தது. மாட்டினேன். கால் மணி நேரம் கழித்து அதே கத்தல்.

அப்போதுதான் அந்தப் புண்ணியமான ரிப்பேர் கிட், கார்புரேட்டரின் உள் பாகங்கள் புதிதாக அடங்கிய பொட்டலம், வந்து சேர்ந்தது. யார் தயாரித்தது என்பதை விடுங்கள், பொட்டலத்தைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஜெட்டில் பொறித்திருந்த எண் பழையதில் இருந்த அதே எண். துளை மட்டும் வேறு. ஸ்லைடில் தொங்கும் ஊசியின் சரிவு கண்ணுக்கே வித்தியாசமாகத் தெரிந்தது. கப் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டிய மிதவை வால்வு ஒழுங்காக உட்காராமல் இரவெல்லாம் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டியது. நாற்பது வருஷம் உழைத்த பித்தளையை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, நேற்று வார்த்த பித்தளையை நம்பினேன். இப்போது கிட் வாங்கினால் ரப்பரும் பேக்கிங்கும் மட்டும்தான் எடுப்பேன். மற்றதைத் தொடுவதில்லை.

பழையதைத் தேடி எடுத்துத் திரும்பப் பூட்டினேன். உள்ளே தெரிகிற ஒரு குழாயை வடிகால் முனையில் செருகி, கப் ஓரமாகத் தூக்கிப் பிடித்துப் பெட்ரோல் மட்டம் பார்த்தேன். சரியாக இருந்தது. கடைசியில் ஏர் ஸ்க்ரூ. முழுக்க உள்ளே இறுக்கிவிட்டு வெளியே திருப்பிக்கொண்டே வந்தால், ஓட்டம் சீராக இருந்த இடம் அரைச் சுற்றில் கிடைத்தது. ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட் சிறியது, ஒரு அளவு பெரிது போடு என்பார்கள். நானும் ஒரு கணக்குப் போட்டேன். வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, 10 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 14.1. பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட் இப்போது லீனாகத்தானே இருக்கும்? கணக்கில் தப்பில்லை, என் வண்டியின் வியாதிதான் வேறு. பெரிய ஜெட் போட்டேன். ஸ்பார்க் பிளக் கரிக்கட்டை ஆனது, காலையில் புகை, சூடானதும் பழையபடி கத்தல். இப்படியே இரண்டு வருஷம் போனது. கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவனிலிருந்து என் வண்டியின் முன்னாள் சொந்தக்காரர் வரை எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

போன மாதம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் தற்செயலாகத் தண்ணீர் தெறித்தது. ஓட்டம் ஒரு கணம் மாறியது. மறுபடி தெளித்தேன். மறுபடி மாறியது. அங்கே காற்று புகுந்துகொண்டிருந்தது. கலவையை லீனாக்கியது அதுதான்.

கழற்றி அந்த முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நட்டு பூட்டும் இரண்டு காதும் ஸ்கேலைத் தொட்டன, நடுவில் வெளிச்சம். இரண்டு நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த மெத்தென்ற உலோகம் வில்லாக வளைந்துவிடும். ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் அடைக்க வேண்டிய இடத்தில் இடைவெளி. கார்புரேட்டரின் உடம்பு நெளிவதால் ஸ்லைடும் லேசாகப் பிடிக்கும். காலையில் சோக் தரும் கூடுதல் பெட்ரோல் இதையெல்லாம் மூடி மறைத்திருக்கிறது. அப்படி இறுக்கியது யார்? ஒவ்வொரு முறை பிரித்து மாட்டும்போதும், கசியக் கூடாதே என்று ஸ்பானரில் இன்னொரு கால் சுற்று சேர்த்தது நான்தான். முன்னாள் சொந்தக்காரரைத் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிட்காரனைத் திட்டியதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாளை விரித்து, முகம் முழுக்க மார்க்கரால் கோடு போட்டு, எட்டு போடுவது போலத் தேய்த்தேன். நடுக்கோடு அழிய ஒரு மணி நேரம் ஆனது. புது ஓ ரிங், பழைய பைலட் ஜெட், நட்டுக்கு விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேல். ஏர் ஸ்க்ரூ இப்போது ஒன்றரைச் சுற்றில் நிற்கிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திக் கையை விட்டேன். டப்பென்று இறங்கி, ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக எண்ணும்படி நின்றது. வண்டியை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கார்புரேட்டர் மேல் குற்றமே இல்லை. ஒரு கணினியும் கேட்காது, ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் இருந்தால் முழுக்கத் திறந்து பார்த்துவிடலாம், நாற்பது வயதிலும் சொன்ன பேச்சு கேட்கிறது. குளிர்ந்த காலையில் மட்டும் ஏர் ஸ்க்ரூவை உள்ளே கால் சுற்று திருப்பச் சொல்லும், அது காற்று அடர்த்தியாவதால்.

ஆனாலும், நண்பா, வாங்காதே. கார்புரேட்டருக்குப் பதில் கணினி பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகத் தூங்கு. என் வண்டியைத் தருகிறாயா என்று கேட்டிருந்தாயே, அது விற்பனைக்கு இல்லை. மீறி அந்த வண்டியை நீ வாங்கினால், நட்டில் கை வைக்கும் முன் எனக்குப் போன் பண்ணு, ஸ்கேலோடு வருகிறேன்.