டர்னரின் அந்தியும் ஃபிரீட்ரிக்கின் மூட்டமும்

ஆங்கில ஓவியர் டர்னர் 1839-இல் காட்சிக்கு வைத்த ‘ஃபைட்டிங் டெமரேர்’ ஓவியத்தில் கதை சொல்வதே வெளிச்சம்தான். 1805-இல் பிரிட்டன் பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படைகளை வென்ற டிரஃபால்கர் கடற்போரில் சண்டையிட்ட டெமரேர் கப்பலை, உடைப்பதற்காகத் தேம்ஸ் ஆற்றில் இழுத்துப் போகிறார்கள். கப்பல் வெளிறி, ஆவி போல நிற்கிறது. முன்னால் போகும் நீராவிப் படகோ கன்னங்கரேல். வலப்பக்கம் சூரியன் இறங்குகிறது. அந்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் கரண்டியால் அப்பியது போலத் தடிப்பாக இருக்கும். கப்பலுக்கு மெல்லிய பூச்சுதான். இடது மேலே பிறை வேறு.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கின் ‘கடலோரத் துறவி’ (1808–1810) நேரெதிர். சூரியனே இல்லை. முக்கால்வாசி வானம், அடியில் இருண்டு, மேலே போகப்போக வெளுக்கிறது. கீழே கறுத்த கடல், வெளிறிய மணல், அதில் துணுக்காக ஒரு துறவி. முதலில் கப்பல்களும் வரைந்திருந்தார், அப்புறம் அவற்றின் மேல் பூசி மறைத்துவிட்டார். கண்ணுக்குப் பிடிமானமே கிடையாது.

டர்னரிடம் எவ்வளவு சோகம் இருந்தாலும் அந்த வானம் வந்து தட்டிக்கொடுத்துவிடும். சினிமா கிளைமாக்ஸ் மாதிரி கொஞ்சம் ஓவர்தான், சரி, பரவாயில்லை. ஃபிரீட்ரிக் அந்தச் சலுகையைத் தருவதில்லை. கூடத்தில் மாட்ட டர்னர் போதும். மழை மூடிய மதியத்தில் தனியாக உட்கார்ந்து பார்க்க எனக்குத் துறவிதான்.