கியாந்தியா, லாங்கேயா? இத்தாலியின் இரண்டு திராட்சை மலைகள்

ரோடு பைக்கோடு (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்) ஒரு வாரம் இத்தாலி போகிறவர்கள் பெரும்பாலும் டஸ்கனியின் கியாந்தி, பீட்மான்ட்டின் லாங்கே என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

ஏற்றம்
கியாந்தி: கிரேவே ஊரிலிருந்து பன்சானோ ஊருக்கு ஏறத்தாழ 250 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏறி முடித்ததும் இறக்கம், உடனே அடுத்த ஏற்றம். கால் ஆறவே நேரமிருக்காது.
லாங்கே: ஆல்பா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டரில், லா மோர்ரா ஊர் 513 மீட்டரில். சில குறுக்குச் சாலைகளின் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டும்.
இரண்டுக்கும் கியர் பற்சக்கரங்கள் முன்னால் 50/34 பற்கள், பின்னால் 11-34 பற்கள் போதும். பின்னால் 11-28 போட்டால் மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கும்.

தரை
கியாந்தியின் அழகே வெள்ளைச் சரளைச் சாலைகள்தான். 1997 முதல் கையோலே ஊரில் நடக்கும் எரோயிகா பழைய சைக்கிள் ஓட்டமும் அவற்றில்தான் ஓடுகிறது. 32 மி.மீ. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 4 பார் காற்றழுத்தம். 25 மி.மீ. டயரில் காற்றை இறுக்கி அடித்தால் இறக்கத்தில் முன்சக்கரம் வழுக்கும், காற்றைக் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும்.
லாங்கேயில் தார்ச்சாலையே அதிகம், 28 மி.மீ. போதும். அறுவடைக் காலத்தில் டிராக்டர் சிந்திய சேறு வளைவுகளில் கிடக்கும். மழை பெய்தால் மிக ஆபத்து.

பருவம்
கியாந்தி: ஏப்ரல், மே. ஜூலை வெயில் கொடுமை.
லாங்கே: செப்டம்பர். அக்டோபர் இறுதியில் மூடுபனி, பின்விளக்கு கட்டாயம்.

சரளையில் ஓட்டிப் பழகியவருக்குக் கியாந்தி. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர், முதன்முறை வருபவர் ஆல்பாவில் தங்கலாம். டூரினிலிருந்து ரயிலிலேயே வந்துவிடலாம்.