அக்வேரியம் சிலிக்கான் என்று சொல்லி 21,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு சம்ப் கட்டுகிறவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நாம் எல்லோரும் "சரி, போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவோம். கண்ணாடி ஒட்டும் பசையான சிலிக்கானை, மீன் தொட்டிக்கு ஆகாததை, ஆகும் என்று சொல்லி எனக்கு விற்ற கடைக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான். 21,500 ரூபாய் போய்விட்டது. கூடவே ஒரு க்ளௌன் மீன், இரண்டு க்ளீனர் இறால், தொட்டியில் இருந்த நத்தைகள் அத்தனையும் போய்விட்டன.

கடை சென்னையில்தான், அலங்கார மீன் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதே தெருவில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை.

என்னிடம் மூன்றடித் தொட்டி, நூற்று எண்பது லிட்டர். பொரிப்பகத்தில் வளர்ந்த ஒரு க்ளௌன் ஜோடி, இறால்கள், நத்தைகள். ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு சம்ப் வைக்க ஆசைப்பட்டேன். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் உட்காரும் இரண்டாவது தொட்டிதான் சம்ப். மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும், அங்கே ஸ்கிம்மர் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும், ரிட்டர்ன் பம்ப் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும். தண்ணீரின் மொத்த அளவு கூடும், ஹீட்டர் முதலான சாமான்களை எல்லாம் கண்ணில் படாமல் கீழே ஒளித்துவிடலாம். ரெடிமேடாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கி வீட்டிலேயே ஒட்டுவது என்று முடிவு செய்தேன்.

அந்தக் கடைக்குப் போன நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க தம்பி, நான் எப்படி வெச்சிருக்கேன்னு பாருங்க" என்று குனிந்து அலமாரிக் கதவைத் திறந்து தன்னுடைய சம்ப்பைக் காட்டினார். சுத்தமாக இருந்தது. ஒரு அறையில் பச்சை நூல்கண்டு மாதிரி பாசி வளர்த்திருந்தார்.

நான் கொண்டுபோன வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மறுபடியும் வரைந்தார். மூன்று அறை, நடுவில் தடுப்புக் கண்ணாடிகள், தண்ணீர் எந்தத் தடுப்புக்கு மேலே போக வேண்டும், எதற்கு அடியில் போக வேண்டும் என்று அம்புக்குறி. "தடுப்புக்கும் தடுப்புக்கும் ஒரு இன்ச்சாவது விடுங்க. நெருக்கி வெச்சா தண்ணி வேகமா போகும், குமிழி எல்லாம் பம்ப்புக்குள்ள போயிடும்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "கரண்ட் போச்சுன்னா மேல இருக்கிற தண்ணி கீழ எறங்கும் தம்பி. அதுக்கு சம்ப்ல எடம் விட்டிருக்கீங்களா?"

விட்டிருந்தேன். மூன்றடித் தொட்டியில் ஒரு இன்ச் தண்ணீர் இறங்கினாலே பத்து லிட்டர் வந்துவிடும், அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் ஒரு கடைக்காரர் தானாக அந்தக் கேள்வியைக் கேட்டதும், விஷயம் தெரிந்த ஆளிடம் வந்திருக்கிறோம் என்று நிம்மதியாகிவிட்டது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒரு பொய் கிடையாது. இந்த வித்தை முழுவதும் தெரிந்த ஒருவர், எந்த சிலிக்கான் தொட்டிக்கு ஆகும், எது ஆகாது என்று தெரியாமலா கொடுத்திருப்பார்?

சிலிக்கானைப் பற்றி நான் வாய்விட்டுக் கேட்டேன். குளியலறை, சமையலறை இடுக்குகளுக்குப் போடும் சிலிக்கானில் கறுப்புப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். அந்த மருந்து தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு ஆகாது. இறால், நத்தை, பவளம் மாதிரி உயிர்களுக்குச் சுத்தமாக ஆகாது. "அண்ணே, பூஞ்சை மருந்து இல்லாததுதானே?" என்றேன். ட்யூபைத் திருப்பி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். மீன் படம் போட்ட லேபிள். "அக்வேரியம் ஸ்பெஷல் தம்பி. என் டேங்க்குக்கும் இதான்" என்றார்.

கண்ணாடி வெட்டுக்கூலியும் சிலிக்கானும் சேர்த்து 6,500. மேல் தொட்டியில் வழியும் தண்ணீரைக் கீழே இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி அவர்களே ஒட்டிக் கொடுத்தது, 2,500. ஸ்கிம்மர் 8,500. ரிட்டர்ன் பம்ப் 4,000. மொத்தம் 21,500. பில் கேட்டேன். "கம்ப்யூட்டர் சரியில்ல, நாளைக்கு வாட்ஸப்ல அனுப்புறேன்" என்று ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கையில் கொடுத்தார். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. பணம் யூபிஐயில் போனது, கடைப் பெயருக்கு அல்ல, யாரோ ஒருவர் பெயருக்கு.

சம்ப்பை நிதானமாகத்தான் கட்டினேன். ஒட்டி முடித்து ஒரு வாரத்துக்கு மேல் காயவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி ஒழுகல் பார்த்து, அதைக் கொட்டிவிட்டு அப்புறம்தான் உப்புத்தண்ணீர் விட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பம்ப் ஓடியது, ஸ்கிம்மர் நுரை கட்டியது.

முதலில் இறால்கள் போயின. க்ளீனர் இறால் தெரியுமல்லவா, சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, கையை நீட்டினால் விரல் இடுக்கைச் சுத்தம் பண்ண ஏறி வரும். ஒன்று மல்லாந்து கிடந்தது, கால்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. மற்றொன்று பாறைக்கு அடியில் செத்துக் கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. தண்ணீரைச் சோதித்தேன். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்பு (அடர்த்தி) 1.025, சூடு 26 டிகிரி, பிஎச் 8.2. எல்லா ரீடிங்கும் சரி. பாதித் தண்ணீரை மாற்றியும் ஆண் க்ளௌன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. மறுநாள் அதுவும் போய்விட்டது.

மிச்சமிருந்த அரை ட்யூப் சிலிக்கான் வாளிப் பக்கத்தில் கிடந்தது, தண்ணீர் பட்டு நனைந்திருந்தது. எடுத்தேன். மீன் படம் போட்ட லேபிள் கையோடு உரிந்து வந்தது. வெறும் பிரிண்ட் அவுட் காகிதம், ட்யூபைச் சுற்றி கம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு அடியில் கம்பெனி அச்சு பளிச்சென்று இருக்கிறது. குழாய்ப் படம், வாஷ்பேசின் படம், 'ஆன்ட்டி ஃபங்கல்' என்று கொட்டை எழுத்து, ஓரத்தில் மீன் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை. சரியாக அந்த எச்சரிக்கை இருக்கும் இடத்தின் மேல்தான் மீன் படம் வந்திருக்கிறது.

அதோடு விடவில்லை. பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். விசிறி சுழலும் அச்சு, அதாவது ஷாஃப்ட், செராமிக் என்று சொல்லி விற்றது. உள்ளே இரும்புக் கம்பி, இவ்வளவு சீக்கிரத்திலேயே துருவேறிப் பழுப்பு வழிகிறது. ஸ்கிம்மருக்குள் இருக்கும் பம்ப்பும் அதே ரகம். ஓவர்ஃப்ளோ பெட்டியை அவர்கள் ஒட்டியதும் இந்த சிலிக்கானாகத்தான் இருக்க வேண்டும். 21,500 ரூபாயில் உப்புத்தண்ணீருக்குள் திரும்ப வைக்கக்கூடிய சாமான் ஒன்றுகூட இல்லை.

உடனே போன் செய்தேன். "உப்பு எவ்ளோ வெச்சீங்க?" என்றார். சொன்னேன். "அப்ப தண்ணி பழகியிருக்காது." தொட்டி ஒரு வருடமாக ஓடுகிறது என்றேன். "நீங்க ஒட்டினதுல கோளாறா இருக்கும்." லேபிள் விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "எங்களுக்கு அப்படித்தான் சார் வருது." அதுவரை தம்பி, அந்த நிமிஷத்திலிருந்து சார். படங்களை வாட்ஸப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அடுத்து அவர் மகன் எடுத்தான், "அப்பா ஊர்ல இல்ல." அதற்கும் அடுத்து, "கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டிருக்கோம்." எந்தக் கம்பெனி? லேபிளை அச்சடித்தது எந்தக் கம்பெனி?

நேரில் போனேன். ஊரில் இல்லாத அப்பா மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ட்யூபை மேஜை மேல் வைத்தேன். அதைத் தொடவே இல்லை. "பில் இருக்கா?" என்று கேட்டார். பில் தராத மனிதர் என்னிடம் பில் கேட்கிறார்! நான் சத்தம் போட்டதும், கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இருந்ததால் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "ராமேஸ்வரத்துல இருந்து லைவ் ராக் வருது சார். பவளத்தோட ரெண்டு பீஸ் தர்றேன், விட்டுடுங்க" என்றார். மன்னார் வளைகுடாக் கடலிலிருந்து உடைத்து வருகிற பவளப் பாறை அது. பவளப் பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வீட்டில் வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டும். என் 21,500 ரூபாய்க்கு ஈடாக என்னையும் குற்றவாளி ஆக்கப் பார்த்தார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், இணையத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம்தான். எனவே "பில் இருக்கா?" என்ற கேள்விக்கு யாரும் பயப்பட வேண்டாம். யூபிஐ ரசீது, வாட்ஸப் உரையாடல், அந்த எஸ்டிமேட் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். ட்யூபையும் உறையில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சம்ப் எப்படிக் கட்டுவது என்று விவரமாக எழுதுவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். சிலிக்கான் ட்யூப் வாங்கினால் கடையிலேயே லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆன்ட்டி ஃபங்கல், மோல்ட் ரெசிஸ்டன்ட் என்று எது போட்டிருந்தாலும் வேண்டாம். பம்ப்பைக் கடைக்காரர் முன்னால் கழற்றி ஷாஃப்ட்டைப் பாருங்கள், செராமிக் என்றால் வெள்ளையாக இருக்கும், இரும்பு மாதிரி மின்னினால் உப்புத்தண்ணீருக்கு வாங்காதீர்கள். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் மின்சாரம் போகும்போது அது வழியாகவும் தண்ணீர் இறங்கும், மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள். பில் இல்லாமல் பணத்தைத் தட்டிவிடாதீர்கள். கடைப் பெயரும் யூபிஐ பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

பெண் க்ளௌன் இன்னும் உயிரோடு இருக்கிறது, சம்ப்பைக் கழற்றிவிட்டு பழைய ஃபில்டரில் நஞ்சை உறிஞ்சுவதற்குக் கரி போட்டு ஓட்டுகிறேன். கரியை மாற்ற நேரமாகிவிட்டது. 1915-இலிருந்து பதில் வந்தால் எழுதுகிறேன்.