வெள்ளத்தில் மூழ்கிய ஜீப்பை நல்ல வாகனம் என்று விற்றார்கள்: 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போச்சு

கொழும்பில் பாவித்த ஜீப் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். 2025 கார்த்திகையில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களைக் கழுவி மினுக்கி விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். திருத்துவதற்குத் தெமட்டகொடை கராஜில் எழுதித் தந்த எஸ்டிமேட் 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அதனால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: நகரத்துக்குச் சற்று வெளியே, பெரிய வீதியோரம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கார் சேல். இணையத்தில் விளம்பரம் போட்டு விற்பவர்கள். வாகனம் ஜப்பான் ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினோடு ஒரு பெரிய பேட்டரியும் சேர்ந்து ஓட்டுவது. எந்தக் கம்பனியுடையது என்பது தேவையில்லை, தயாரித்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்குள் கிடந்தால் எந்த ஹைபிரிட்டுக்கும் இதுதான் கதி.

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். கணவர் டோஹாவில் வேலை. அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு எங்கள் பழைய சின்னக் காரில் குனிந்து ஏறவும் இறங்கவும் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேர், லீவுக்கு யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். கொஞ்சம் உயரமான, பெற்றோல் அதிகம் குடிக்காத ஒன்று போதும் என்றுதான் தேடத் தொடங்கினோம்.

முதலில் பார்த்தது புதியதைத்தான். டொயோட்டா ரைஸ் மாதிரி ஒரு லீட்டர் எஞ்சின் ஜீப்பே அப்போது ஒரு கோடியைத் தாண்டியது. 2025இல் இறக்குமதித் தீர்வை 20 வீதம், அந்தத் தீர்வையில் இன்னொரு பாதி மேலதிகமாக, எஞ்சின் அளவுக்கு ஏற்ப உற்பத்தி வரி, கடைசியில் 18 வீத வற் வரி என்று இருந்தது. 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதியைச் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் புது வாகனம் வராததால் எட்டு, பத்து வருடம் ஓடிய ஹொண்டா வெசல், டொயோட்டா சி-எச்ஆர்கூடப் பெரிய விலைக்குத்தான் நின்றன. இதற்குள்தான் இந்த மாதிரி ஆட்கள் புகுந்து விளையாடுகிறார்கள். புதியது எட்டாது, பழையதற்கும் அடிபிடி, வாங்க வருகிறவரை அவசரப்படுத்துவது சுலபம்.

அப்போதுதான் இந்த ஜீப் கண்ணில் பட்டது. 98 லட்சம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை 95 லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். பழைய காரை விற்ற காசும் கணவர் சேர்த்து அனுப்பியதும் பாதிக்கு வந்தது. மீதி லீசிங்.

அந்தக் கார் சேலில் எங்களோடு கதைத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும், அமைதியான பேச்சு. அம்மாவைக் கண்டதும் எழும்பி வந்து, கதவைத் திறந்து, கையைப் பிடித்துப் பின் சீற்றில் ஏற்றி இருத்தினார். "பாருங்கோம்மா, இனி முழங்கால் மடக்கத் தேவையில்லை" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். அம்மா மானிப்பாய் என்றதும் தன்னுடைய தாயாரும் அந்தப் பக்கம்தான் என்றார். மருதடிப் பிள்ளையார் கோயில் தேரைப் பற்றி இரண்டு பேரும் கனநேரம் கதைத்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தேத்தண்ணி வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, எங்கட ஆக்களுக்கு நான் ஒளிச்சு விக்க மாட்டன். ஓனர் கனடாவிலை. வாகனம் ஒரு வருசமா வீட்டுக் கராஜுக்குள்ளதான் நிண்டது, அதாலதான் இவ்வளவு கிளீன்" என்றார்.

வெள்ளத்தில் போன வாகனமா என்று நான் நேராகவே கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது "நீங்கள் கேக்கேல்லையே" என்கிறார். கேட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வெள்ளத்துக்குள்ள நிண்ட வாகனம் இப்பிடி ஸ்டார்ட் ஆகுமோ அக்கா?" என்று பொத்தானை அமத்திக் காட்டினார். ஸ்டார்ட் ஆனது. அதோடு ஜப்பான் ஏலத் தாளையும் எடுத்து வைத்தார். தரம் 4.5, ஓடியது 21,000 கிலோமீற்றர். அந்தத் தாள் உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் அது வாகனம் ஜப்பானில் ஏலத்துக்கு வந்த நாளில் எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். இலங்கைக்கு வந்த பிறகு எந்தத் தண்ணீரில் கிடந்தது என்பதைச் சொல்லாது. இதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என்னுடைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். "தாராளமா" என்றார். அடுத்த நாள் விடியவே போன். "அக்கா, நீர்கொழும்பில இருந்து ஒரு ஆள் முழுக் காசோட வாறார். நான் உங்களுக்கெண்டு சொல்லி வச்சிருக்கிறன். நாங்களே ஃபுல் ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் தாறம்." மத்தியானம் ஒரு கராஜின் முத்திரை குத்திய மூன்று பக்க ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஹைபிரிட் பேட்டரி 91 வீதம், மற்ற எல்லாவற்றுக்கும் நேராகச் சரி அடையாளம். அந்த ரிப்போர்ட்டில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு இப்போது எடுத்தால் அதே கார் சேலில் வேலை செய்கிற பெடியன்தான் எடுக்கிறான். குரல் எனக்குத் தெரியும்.

ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. மழை பெய்தால் ஏசியில் ஈர மண் மணம். கேட்டதற்கு "ஃபில்டரை மாத்துங்கோ" என்றார்கள். மாற்றினேன், மணம் போகவில்லை. பிறகு பங்குனிக் கடைசியில், காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருக்க, டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை லைட்டுகள் ஒரேயடியாக எரிந்து வாகனம் நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் பஸ்காரர்கள் ஹோன் அடிக்க, அம்மாவை நடு வீதியில் இறக்கி, பிடித்துக்கொண்டு கடந்தோம்.

தெமட்டகொடை கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், ஸ்கேனரைக் குத்தியதும் பி0ஏஏ6 என்று காட்டியது. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தம் பொடிக்குக் கசிகிறது என்பதற்கான கோட் அது. அது வந்தால் பாதுகாப்புக்காக வாகனம் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கலாம். பிறகு அவர் ஒன்றும் பேசாமல் முன் சீற்றைக் கழற்றி, கால் விரிப்பை உரித்தார். அடியில் காய்ந்த சேறு பாளம் பாளமாக இருந்தது. பின் சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். நுனியில் மண்ணிறத்தில் தண்ணீர்க் கோடு. பின்பக்கத் தளத்துக்கு அடியில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தபோது இணைப்புத் தகடுகள் எல்லாம் பச்சை பிடித்திருந்தன. தண்ணீர் உள்ளே போன உடனே பேட்டரி சாகாது, காய வைத்தால் வேலை செய்யும், அரிப்பு மெல்ல மெல்லத் தின்று ஒன்றிரண்டு மாதத்தில் போகும், விற்கிறவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு மாதம் போதும் என்று அவர் விளங்கப்படுத்தினார்.

பேட்டரி, வயரிங், பிரேக்குக்கான ஏபிஎஸ் யூனிட், எயார்பாக் கம்பியூட்டர், கூலி எல்லாம் சேர்த்து 14 லட்சத்து 60 ஆயிரம். எயார்பாக்! அந்தக் கம்பியூட்டர் வேலை செய்யவே இல்லையாம், எச்சரிக்கை லைட்டின் வயரை வெட்டி விட்டிருந்தார்களாம். என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் தினமும் பள்ளிக்கூடம் போன வாகனம் அது. காசைவிட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே கார் சேலுக்கு எடுத்தேன். முதலில் "பொஸ் கட்டுநாயக்கா போட்டார்". பிறகு "மீட்டிங்". பிறகு "உங்கட ஹஸ்பண்டை எடுக்கச் சொல்லுங்கோ, ஆம்பிளையளோட கதைச்சா விளங்கப்படுத்தலாம்". கணவர் டோஹாவிலிருந்து எடுத்தார், அவருக்கு "அக்கா வாகனத்தைப் பிழையா ஓடிப்போட்டா" என்றார்களாம். நேரே போனேன். அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிய அதே மனிதர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. பற்றுச்சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பிறகு பொறுப்பில்லை என்பதுதான் அதன் பொருள். "வாகனம் எங்கட பேரிலையும் இல்லை, நீங்கள் ஓனரோடதான் கதைக்க வேணும்" என்றார். அது சரிதான். பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டு வைத்து, என் பெயரை நேரடியாக நிரப்பியிருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் கார் சேல் எங்கேயும் இல்லை.

சரி என்று அந்த ஓனரையே தேடினேன். புத்தகத்தில் இருந்தது வெல்லம்பிட்டி முகவரி. கனடாவும் இல்லை, ஒன்றும் இல்லை, அதே வீட்டில் இருக்கிறார். வயதான சிங்கள ஐயா. என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, போனில் படங்களைக் காட்டினார். களனி கங்கை பெருகிய அந்த நாட்களில் எடுத்தவை. என்னுடைய ஜீப், அதே இலக்கத் தகடு, கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீர். வெள்ளத்தில் போனது என்று வாயால் சொல்லி, எழுதியும் கொடுத்து, ஒரு தரகருக்கு 38 லட்சத்துக்கு விற்றதாகச் சொன்னார். எழுதியதன் பிரதியும் தந்தார். என்னிடம் வாங்கியது 95 லட்சம். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அவர் கேட்க வேண்டியதே இல்லை.

படங்களைக் கார் சேலுக்கு அனுப்பினேன். முதலில் "அது வேறை வாகனம்". இலக்கத் தகட்டைப் பெருப்பித்து அனுப்பினேன். "சரி அக்கா, உங்களுக்காக 50,000 ரூபா தாறம், பிரச்சினையை விடுங்கோ". 14 லட்சத்து 60 ஆயிரத்துக்கு 50,000! முடியாது என்றதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். அதே கண்ணாடிக்குள் இப்போது இன்னொரு வெள்ளை ஜீப் நிற்கிறது, விளம்பரத்தில் "கராஜில் நின்றது, மிகக் குறைந்த ஓட்டம்" என்று போட்டிருக்கிறார்கள்.

பொலிசில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள், ஆனால் இது காசுக் கொடுக்கல் வாங்கல் என்று இழுக்கிறார்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கதைத்தேன். முறைப்பாடு எழுத்தில் வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், அந்தப் போலி ரிப்போர்ட், ஐயா தந்த பிரதி எல்லாவற்றையும் நாளை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்: சீற் பெல்ட் எல்லாவற்றையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விடுங்கள், சீற் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது எயார்பாக் லைட் சில விநாடி எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றால் உடனே விட்டுவிட்டு வாருங்கள். புத்தகத்தில் வெள்ளம் வந்த வெல்லம்பிட்டி, கொலன்னாவ, கடுவெல, களனி முகவரி இருந்தால் அந்த வீட்டுக்கே போய்க் கேளுங்கள். பழைய காப்புறுதி அட்டையைக் கேளுங்கள், காட்ட மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். அவர்கள் தரும் ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டாம், உங்கள் மெக்கானிக் உங்கள் கண் முன்னால் எடுக்கட்டும். இன்னொருவர் காசோடு வருகிறார் என்றால் வரட்டும்.

லீசிங் தவணை வருகிற 25ஆம் திகதி. வாகனம் கராஜில் கிடக்கிறது. இப்படி ஒரு வழக்கைக் கொழும்பில் யாராவது கோட்டுக்குக் கொண்டுபோய்க் காசைத் திருப்பி எடுத்திருந்தால், எந்த நீதிமன்றம், எவ்வளவு காலம் எடுத்தது என்பதைக் கீழே எழுதுங்கள்.