மங்களாஜோடி படகுச் சவாரி: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில், பறவை பார்க்கப் படகில் கூட்டிப்போகும் ஊரான மங்களாஜோடியில் டால்பின் கிடையாது. புவனேஸ்வரத்தில் எங்களுக்குக் கார் ஏற்பாடு செய்த முகவர், சிலிகா ஏரி, பறவை, டால்பின் எல்லாவற்றையும் ஒரே சவாரியில் பார்த்துவிடலாம் என்று அடித்துச் சொன்னார். டால்பின் இருப்பது சாதபடா பக்கம், ஏரி கடலைத் தொடும் இடத்தில், உப்பு கலந்த நீரில். மங்களாஜோடி ஏரியின் வடக்கு மூலை. தயா, பார்கவி போன்ற ஆறுகள் மகாநதியின் நீரைக் கொண்டுவந்து கொட்டும் நன்னீர்ப் பகுதி அது. நாணலும் சம்பும் அடர்ந்த சேறு. இரண்டையும் ஒரே பகலில் அடைக்கப் பார்த்தால் பாதி நேரம் காரிலேயே கழியும். நாங்கள் டால்பினை விட்டுவிட்டோம். வருத்தமில்லை.

புவனேஸ்வரத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே வந்து டாங்கியில் திரும்ப வேண்டும். ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருபவர்கள் ஹவுரா மார்க்க ரயிலில் குர்தா ரோட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஊருக்குள் நுழைந்தால் வீட்டு வாசல்களில் மரப்படகு செய்கிறார்கள். அதற்கும் பேர்போன ஊர் இது. அவசரப்படாமல் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் ஏறிய படகுக்கு மோட்டார் இல்லை. தட்டையான அடி, பின்னால் ஒருவர் மூங்கில் கழி ஊன்றித் தள்ளுகிறார், முன்னால் வழிகாட்டி. கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. பைனாகுலரும் பறவைப் புத்தகமும் படகிலேயே இருந்தன. நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கே போனாலும் கொடுத்த காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. இங்கே கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது.

எங்கள் வழிகாட்டி முன்பு பறவை பிடித்தவர். ஒளிக்காமல் சொன்னார். இந்த ஊரில் பலருக்கு அது பிழைப்பாகவே இருந்தது. வலை, துப்பாக்கி, விஷம் எல்லாம் உண்டு. பறவையைக் கொன்று இறைச்சிக்கு விற்றார்கள். 2000 வாக்கில் 'வைல்ட் ஒரிசா' என்ற அமைப்பினர் ஊருக்கு வந்து வேட்டைக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஸ்ரீ ஸ்ரீ மகாவீர் பக்ஷி சுரக்ஷா சமிதி என்ற ஊர்க்குழு உருவானது. அதில் சேர்ந்தவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்கள் பலர். எந்த நாணல் புதருக்குள் எந்தப் பறவை கூடு வைக்கும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

அதே ஆண்டில் ஏரியின் மறுமுனையில் இன்னொரு வேலையும் நடந்தது. சிலிகா வளர்ச்சி ஆணையம் கடலுக்குப் புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டித் திறந்தது. வண்டல் அடைத்து, களை மண்டிக் கிடந்த ஏரி அதனால் மூச்சுவிட்டது. ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பதிவேட்டில் 1993இல் ஏறியிருந்த சிலிகாவின் பெயர் 2002இல் நீங்கியது. அது பொறியாளர்களின் சாதனை, ஊர் ஊராகப் பேசப்படுகிறது. மங்களாஜோடியில் நடந்ததற்கு இயந்திரம் எதுவும் வரவில்லை. ஏரிக்குள் அரசு அறிவித்த சரணாலயம் நளபணா தீவுதான். மங்களாஜோடி அதற்கு வெளியே இருக்கிறது. வனவிலங்குச் சட்டம் 1972 முதலே இருந்தும், இந்தச் சேற்றில் வேட்டை நடந்துகொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தியது ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களிடம் பேசிய பேச்சு.

பேசியதோடு விட்டிருந்தால் நாலு மாதத்தில் வலை மறுபடி வெளியே வந்திருக்கும் என்பது என் கணிப்பு. வயிறு இருக்கிறதே. பிறகு படகுச் சவாரியும் தங்கும் குடில்களும் வந்து, பறவையைக் காட்டினால் வருமானம் உண்டு என்ற ஏற்பாடு நிலைத்தது. மங்களாஜோடி சூழல் சுற்றுலா அறக்கட்டளையை ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு 2018இல் கௌரவித்தது. நாங்கள் கொடுத்ததில் வழிகாட்டிக்குப் பங்கு, படகோட்டிக்குப் பங்கு, மீதி பொதுவுக்கு என்று எங்கள் வழிகாட்டி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். இத்தனை வருடம் கணக்கு பார்த்தவள் என்ற முறையில், வரவு எங்கே போகிறது என்று இவ்வளவு கூச்சமில்லாமல் சொன்ன இடங்கள் குறைவு என்பேன்.

பறவைகளுக்கு வருகிறேன். ஜனவரியில் போனோம். கருவால் மூக்கன்கள் நீண்ட அலகைச் சேற்றில் கண்வரை நுழைத்துக் கிளறிக்கொண்டிருந்தன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா எல்லாம் கூட்டம் கூட்டமாக. நீலத் தாழைக்கோழி நம்மைக் கண்டு நகர்வதாகக்கூட இல்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் கணக்கெடுப்பில் சிலிகா முழுவதற்கும் சேர்த்துப் பறவைகள் பத்து லட்சத்தைத் தாண்டுவது அண்மைக்கால வழக்கம். நான் திருநெல்வேலிச் சீமையில், பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கும் மனிதர்களைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே பறவையோடு பகை இருந்ததே இல்லை. பகையிலிருந்து திரும்பிவந்த ஊரைப் பார்த்தது இதுவே முதல்முறை.

பக்கத்துப் படகில் பீரங்கி போல ஒரு லென்ஸ் வைத்திருந்த புகைப்படக்காரர், பறவைகள் ஒரேயடியாக எழும்பிப் பறக்கும் படம் வேண்டும், கழியால் தண்ணீரில் ஓர் அடி அடியுங்கள் என்று தன் படகோட்டியிடம் கேட்டார். பணம் தருவதாகவும் சொன்னார். படகோட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டார். புகைப்படக்காரர் கரைக்கு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். படகோட்டிக்கு அதனால் இனாம் போயிருக்கும். உங்கள் குழுவில் இப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மொழி விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். வழிகாட்டி பறவைகளின் ஆங்கிலப் பெயர்களைச் சரளமாகச் சொல்கிறார். ஆனால் வேட்டைக்காலக் கதைகள் எல்லாம் ஒடியாவிலும் இந்தியிலும்தான் வருகின்றன. கரக்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவர் உடன் இருந்ததால் தப்பித்தேன். அவருக்குப் பறவைகளில் ஆர்வமே கிடையாது. படகில் ஏறும்போது செய்தித்தாளை எடுத்துக்கொண்டுதான் ஏறினார். அதைப் பிரிக்கவே இல்லை. இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் சவாரியின் பாதி உங்களுக்குக் கிடைக்காது.

சாப்பாடு எளிமை. சோறு, தால்மா என்ற காய்கறி போட்ட பருப்பு, கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு. கடுகின் காரம் மூக்குக்கு ஏறும், பழகினால் விடமாட்டீர்கள். சொகுசு எதிர்பார்ப்பவர்கள் புவனேஸ்வரத்தில் தங்கிக்கொள்ளலாம். ஆனால் விடியலில் படகேற வேண்டுமானால் இரவு ஊரிலேயே தங்குவது நல்லது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். டிசம்பர் கடைசி வாரத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிருங்கள். காலைப் படகுதான் சிறந்தது. பத்து மணிக்கு மேல் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும். படகில் கழிப்பறை இல்லை, நிழலும் இல்லை. தொப்பி அவசியம். முன்பதிவை முகவர் வழியாகச் செய்யாமல் ஊர் அமைப்புகளிடமே நேரடியாகச் செய்யுங்கள்; எங்கள் முகவர் தனக்காக எடுத்துக்கொண்ட தொகையில் இன்னொரு படகுச் சவாரியே போயிருக்கலாம்.