108 ஆம்புலன்ஸ்: சேவை எப்படி?

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 மீது பொதுவாகச் சொல்லப்படும் குறை, 'வண்டி லேட்'. வண்டி தூரத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தாமதத்தில் ஒரு பங்கு போனின் முதல் நிமிடத்திலேயே உண்டாகிவிடுகிறது.

அழைப்பை எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர். உங்கள் ஊர் பிள்ளையார் கோயில் அவருக்குத் தெரியாது. மாவட்டம், தாலுகா, ஊர், அதற்குப் பிறகுதான் கோயில் என்ற வரிசையில் சொல்லுங்கள். சென்னை முகவரி என்றால் பழைய எண், புது எண் இரண்டும் வேண்டும். நான்குவழிச் சாலை விபத்தென்றால் கிலோமீட்டர் கல்லோடு 'திருச்சி போகிற பக்கம்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கத்தில் வந்து நின்று, யூ-டர்ன் தேடிப் போகும்.

நினைவிருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, எத்தனை பேருக்கு அடி என்று அவர் கேட்பது பதற்றத்தில் எரிச்சலூட்டும். வென்டிலேட்டர் உள்ள வண்டியா, சாதாரண வண்டியா, ஒன்று போதுமா என்பதெல்லாம் அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகும். அதற்காக மிகைப்படுத்தியும் சொல்ல வேண்டாம்.

அடுத்து வண்டியிலிருந்து போன் வரும். அந்த நேரம் பார்த்து அதே போனில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்பார்கள்! அதற்கு வேறு போனை எடுங்கள். தெரு முனையில் ஒருவரை நிறுத்துங்கள். மாடி வீடென்றால் எத்தனையாவது மாடி, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வண்டிக்குள் நடக்கும் வேலையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. மருத்துவ உதவியாளர் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு பார்ப்பார். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து கொடுப்பார். வழியிலேயே பிரசவம் பார்க்கவும் பயிற்சி உண்டு.

ஏமாற்றம் வருவது மருத்துவமனைத் தேர்வில். பெரும்பாலும் பக்கத்தில் வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குத்தான் போவார்கள். நீங்கள் சொல்லும் தூரத்துத் தனியார் மருத்துவமனைக்கு வண்டி திரும்பும் என்று நம்பியிருக்காதீர்கள். சாலை விபத்தில் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, நிர்ணயித்த தொகை வரை இலவசம்.

இறந்தவர் உடலை 108 ஏற்றாது. அரசு மருத்துவமனையிலிருந்து கொண்டுபோக, இலவச அமரர் ஊர்திக்கு 155377.

108-க்குக் கட்டணம் கிடையாது, யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நோயாளி சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.