உவர்மலை வகுப்பறையில் ஒரு மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர்

திருகோணமலை உவர்மலையில் வீட்டு முன்னறையில் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. (தகவல் தொழினுட்பம்) படிப்பிக்கிறேன். பழைய கணினிகள் பன்னிரண்டு, மூலையில் ஒரு சேர்வர். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஆளுக்கொரு லினக்ஸ் வெர்சுவல் மெசின், அதாவது சேர்வருக்குள்ளேயே ஓடும் ஒரு மென்பொருள் கணினி, கொடுத்திருக்கிறேன்; இனி மெசின் என்றால் அதுதான். எதை உடைத்தாலும் முன்பு சேமித்து வைத்த நிலைக்கு (ஸ்னாப்ஷாட்) திரும்பிவிடலாம். ஆனால் டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) செய்து பழகும் ஒரு பிள்ளை, தெரியாமலே முழு வகுப்பின் ஐபி முகவரிகளையும் குழப்பிவிட முடியும். அதனால் மெசின்களுக்கு 10.10.20.0/24 என்று தனிச் சப்நெட் (தனி வலைப் பிரிவு) வைத்தேன்.

முதலில் சேர்வரையே ரவுட்டராக்கினேன். மெசினிலிருந்து வகுப்புக் கணினிக்கு பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், பதில் திரும்பாது. காரணம் எளியது: வகுப்புக் கணினி தன் பதிலை இணைய இணைப்போடு வந்த ரவுட்டருக்குக் கொடுக்கிறது, அதற்கு 10.10.20 எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் (இந்த வலைக்கு இந்த வழி என்று கையால் எழுதும் குறிப்பு) போட இடமே இல்லை. பன்னிரண்டு கணினியிலும் கையால் ரூட் எழுதினேன். விண்டோஸை மறுபடி போடும்போதெல்லாம் அது போய்விடும். பிறகு சேர்வரில் நாட் (மெசின்களின் முகவரிகளைச் சேர்வரின் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைப்பது) வைத்தேன். ஒரு மாணவி வந்து, “சேர், என்ர மெசின் வெளியில போகுது, ஆனா நான் அதுக்குள்ள போக ஏலாமக் கிடக்கு” என்றாள். நாட் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர், ஆர்பி750ஜிஆர்3 மாடலை எடுப்பித்தேன். லத்வியா நாட்டுக் கம்பனியின் சாமான். உள்ளங்கையில் அடங்கும், ஐந்து ஜிகாபிட் போர்ட், 256 எம்பி ராம். வைஃபை கிடையாது.

முதல் போர்ட்டில் இணைய ரவுட்டர், இரண்டாவதில் வகுப்பு சுவிட்ச். மூன்றாவதை பிரிட்ஜிலிருந்து (போர்ட்டுகளை ஒரே வலையாகச் சேர்க்கும் அமைப்பு) கழற்றி 10.10.20.1 என்ற முகவரி கொடுத்து, சேர்வரின் இரண்டாவது நெட்வொர்க் கார்டை அதில் செருகினேன். ப்ராக்ஸ்மாக்ஸில் மெசின்களின் பிரிட்ஜை அந்தக் கார்டோடு கட்டியாயிற்று. வகுப்புக் கணினிகளுக்கு கேட்வே (வேறு வலைக்குப் போகும் வாசல்) 192.168.88.1, மெசின்களுக்கு 10.10.20.1. இரண்டு வலையும் ஒரே பெட்டியில் நேரடியாகத் தொட்டு நிற்பதால் ரூட் எதுவும் எழுதத் தேவையில்லை. கணினியிலிருந்து மெசினுக்கு எஸ்எஸ்எச் (வலை வழியாக இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) உடனே போனது.

வாங்குபவர்கள் இரண்டு இடத்தில் கவனம் வையுங்கள். பிரிட்ஜிலிருந்து கழற்றிய போர்ட்டை ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் லிஸ்டில் ‘லான்’ (உள்வலை) பட்டியலில் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. மெசினிலிருந்து இணையத்தில் உள்ள 8.8.8.8க்கு பிங் போகிறது, தளத்தின் பெயரைச் சொன்னால் எதுவும் திறக்கவில்லை. ரவுட்டரோடு வரும் ஃபயர்வால், லான் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்த டிஎன்எஸ் கேள்வியை (இந்தப் பெயருக்கு என்ன முகவரி என்ற கேள்வி) ஏற்காமல் தள்ளிவிடுகிறது. சரியான வேலைதான், ஆனால் ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. மற்றது, மெசினிலிருந்து கணினிக்கு பிங் போகாவிட்டால் ரவுட்டரை நோண்டாதீர்கள். வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்குக்கு விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகப் பதில் சொல்லாது, அதில் பிங்கை அனுமதிக்கும் விதியில் 10.10.20.0/24ஐயும் சேர்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸில் உள்ள ‘டோர்ச்’. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு என்ன போகிறது என்று அந்தக் கணமே காட்டும். இதுவரை கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதை இப்போது பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். இதற்காக மட்டுமே இன்னொன்று வாங்குவேன்.

கடல்காற்றுக்கு இங்கே போர்ட்டுகள் பச்சை பிடிக்கும். வெறுமையாக இருக்கும் இரண்டுக்கும் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். பெட்டி 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் 12 வோல்ட் பற்றரியிலும் ஓடுகிறது. போன கிழமை கரண்ட் போனபோது சேர்வர் யுபிஎஸ்ஸில், ஹெக்ஸ் பற்றரியில், மடிக்கணினி கொண்டுவந்த நாலு பிள்ளைகள் பாடத்தை நிறுத்தவில்லை.